‘ஆங்ரி ஆன் மீ’: ஆங்கிலப் பெயரடையும் திருத்தணியின் வேற்றுமையும்

‘ஹீ ஈஸ் ஆங்ரி ஆன் மீ.’ திருத்தணியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கோபத்தைச் சொல்ல வாயெடுத்தால் பெரும்பாலும் இந்த வாக்கியம்தான் முதலில் வரும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் இப்படித்தான் சொல்கிறது, தெலுங்கு பேசும் பிள்ளையும் இப்படித்தான் சொல்கிறது. ‘அவனுக்கு என் மேல கோபம்’ என்பது தமிழ். ‘வாடிகி நா மீத கோபம்’ என்பது தெலுங்கு. சொல்லுக்குச் சொல் இரண்டும் ஒரே அமைப்பு. ‘மேல’ இருந்த இடத்திலும் ‘மீத’ இருந்த இடத்திலும் ஆங்கிலத்தில் ‘ஆன்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலேயர் அங்கே ‘வித் மீ’ என்பார், அல்லது ‘அட் மீ’ என்பார். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறார். ஏன் ‘வித்’ என்று பிள்ளை கேட்டால், ‘அது அப்படித்தான், மனப்பாடம் செய்’ என்பதே பதில்.

அது அப்படித்தான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலப் பெயரடைக்குப் பின்னால் எந்த முன்னுருபு வரும், அதன் பின்னால் மூவிடப்பெயர் எந்த வடிவில் நிற்கும் என்பது பெரும்பாலும் வேற்றுமை பற்றிய கேள்வி. வேற்றுமையைப் பற்றி யோசிப்பதில் தமிழுக்கு இருக்கும் பழக்கம் ஆங்கிலத்துக்குக் கிடையாது. தமிழ் வகுப்பில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அடுத்த பாடவேளையில் வரும் ஆங்கில ஆசிரியர் அதே விஷயத்தை முன்பின் அறியாத ஒன்றுபோலப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். இரண்டு பாடவேளைகளுக்கும் நடுவில் ஒரு மணியோசைதான் இருக்கிறது. ஆனால் ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதில்லை.

இதைப் பேசத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, மொழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மலையேறும் கூட்டத்தில் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருபவர்கள் ஏராளம். பூக்கடையில் பேரம் இரண்டு மொழியிலும் நடக்கும். 1888இல் இந்த ஊரில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்பால்டிங் பேராசிரியராக அமர்ந்து ஆங்கிலேயருக்கே ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார்.

ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதை ஊரிலேயே பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் தமிழ் கற்பித்த இரட்டையர் சரவணப்பெருமாளையரும் விசாகப்பெருமாளையரும் திருத்தணிகைக்காரர்கள். தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரிடம் பாடம் கேட்ட கந்தப்பையரின் பிள்ளைகள். இளையவர்களுக்காக ‘பாலபோத இலக்கணம்’ எழுதியவர் விசாகப்பெருமாளையர். நன்னூலுக்குக் காண்டிகையுரையும் செய்தார். புதிதாக வந்த பள்ளிக்கூட முறைக்கு ஏற்றபடி பழைய இலக்கணத்தை எளிதாக்கித் தந்த முன்னோடிகளில் ஒருவர் இந்த ஊர்க்காரர். வேற்றுமையைப் பிள்ளைக்குப் புரியவைக்கும் வேலை திருத்தணிக்குப் புதிதல்ல.

ஆங்கிலத்தின் பக்கம் வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. பெயர்ச்சொல்லின் ஈறு மாறும், அதற்கு முன்னால் வரும் பெயரடையின் ஈறும் மாறும். ஒவ்வொரு பெயரடைக்கும் தனக்குப் பிடித்த வேற்றுமை ஒன்று உண்டு. ‘நிறைந்த’ என்ற பொருள் தரும் ‘ஃபுல்’ ஆறாம் வேற்றுமையைக் கேட்கும். ‘போன்ற’ என்ற பொருள் தரும் ‘லைக்’ சொல்லின் மூதாதை நான்காம் வேற்றுமையைக் கேட்கும். 1066இல் நார்மானியர் வந்ததற்கு முன்பே தேயத் தொடங்கிய அந்த ஈறுகள், அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்தன. ஈறு செய்த வேலையை முன்னுருபு எடுத்துக்கொண்டது. ஆறாம் வேற்றுமை இருந்த இடத்தில் ‘ஆஃப்’ வந்து ‘ஃபுல் ஆஃப்’ ஆனது. ‘கில்ட்டி ஆஃப்’, ‘வொர்தி ஆஃப்’ எல்லாம் அதே வரிசை.

மூவிடப்பெயர்கள் மட்டும் முழுவதும் தேயவில்லை. ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகிறது, ‘ஹீ’ என்பது ‘ஹிம்’ ஆகிறது, ‘தே’ என்பது ‘தெம்’ ஆகிறது. ‘ஹிம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமை வடிவம், நம் ‘அவனுக்கு’. இரண்டாம் வேற்றுமைக்கு ‘ஹினே’ என்று வேறொரு வடிவம் இருந்து மறைந்துபோயிற்று. ‘அஃப்ரெய்ட் ஆஃப் த டாக்’ என்று சொல்லும்போது வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்’ என்னும்போது தெரிகிறது. ஆங்கில வேற்றுமை இன்றும் உயிரோடு இருக்கும் மிகச் சில இடங்களில் பெயரடை, முன்னுருபு, மூவிடப்பெயர் மூன்றும் கூடும் இந்த இடம் ஒன்று. அதனால்தான் பெயரடையைத் தனியாகக் கற்பிக்காமல் மூவிடப்பெயரோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்கிறேன். ‘ப்ரவுட்’ என்று ஒரு சொல்லைக் கற்பதைவிட ‘ப்ரவுட் ஆஃப் ஹர்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் கற்பது மேல்.

தமிழ்ப் பிள்ளைக்கு வரும் முதல் தடங்கல் இதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. நமக்குப் பயமும் கோபமும் பெருமையும் வெட்கமும் பெயர்ச்சொற்கள். அவை நம்மிடம் வருகின்றன. ‘எனக்குப் பயம்’, ‘எனக்குப் பசி’, ‘எனக்கு வெட்கமா இருக்கு’. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தெலுங்கிலும் ‘நாகு பயம்’. நம் ‘கு’வும் அவர்கள் ‘கு’வும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் உறவைக் காட்ட எடுத்துவைத்த சான்றுகள் இப்படிப்பட்ட அடிப்படைச் சொற்களும் உருபுகளும்தான். ஆங்கிலத்தில் உணர்பவர் எழுவாயாகி முன்னால் நிற்க வேண்டும், உணர்வு பெயரடையாக வேண்டும். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’. இந்தத் திருப்பம் பிடிபடாத பிள்ளை ‘ஐ ஆம் ஃபியர்’ என்கிறது, அல்லது ‘ஐ ஆம் ஹேவிங் ஃபியர்’ என்கிறது. பெயர்ச்சொல்லைப் பெயரடை ஆக்குவதில்தான் முதல் தவறு. முன்னுருபின் தவறு அதற்குப் பிறகு வருவது.

பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம் வழியில்தான் நடந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் முகம் மலரும். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதை அவர்கள் ‘மீ’யை முன்னால் போட்டே சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் காலம் வரை வழக்கில் இருந்த ‘மீதிங்ஸ்’ என்ற சொல் அதன் எச்சம். அதில் இருக்கும் ‘மீ’ எழுவாய் இல்லை, நம் ‘எனக்கு’.

இனி உணர்வுகளைத் தனித்தனியே பார்க்கலாம். பயத்திலிருந்து தொடங்குகிறேன், இலக்கண ஆசிரியர்கள் அதிகம் யோசித்தது பயத்தைப் பற்றித்தான். தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலில் அச்சப் பொருள் தரும் சொற்களுக்கென்றே தனியாக ஒரு விதி இருக்கிறது. அவை ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், பொருளில் குறைவு வராது என்பது அதன் கருத்து. ‘புலியின் அஞ்சும்’ என்றும் சொல்லலாம், ‘புலியை அஞ்சும்’ என்றும் சொல்லலாம். ஐந்தாம் வேற்றுமை நீங்கலைக் குறிப்பது. எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அதிலிருந்து விலகுகிறோம். பாணினியும் பயத்தின் காரணத்தை விலகும் இடமாகவே வைத்தார், வடமொழியில் அது ஐந்தாம் வேற்றுமை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் தெலுங்கு கற்பித்த சின்னய சூரி, தம் ‘பாலவியாகரண’த்தில் பயத்துக்கு ‘வலன’ என்ற ஐந்தாம் வேற்றுமை உருபையே விதித்தார்.

ஆங்கிலத்தில் பயத்துக்கு ‘ஆஃப்’. இன்று அது ‘உடைய’ என்று பொருள்படும் உருபாகத் தெரிகிறது. அதன் பழைய பொருள் ‘அங்கிருந்து, விலகி’. ‘விளக்கை அணை’ என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் ‘ஆஃப்’ உள்ளதே, அதுவும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே சொல், பின்னால்தான் எழுத்தும் ஒலியும் பிரிந்தன. ஆக, ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்’ என்பதன் அடியில் கிடப்பதும் விலகலே. தொல்காப்பியரும் பாணினியும் சின்னய சூரியும் ஆங்கிலேய உழவனும் ஒருவரை ஒருவர் அறியாமலும் அறிந்தும் பயத்தை ஒரே திசையில் வைத்திருக்கிறார்கள். ‘ஆஃப்’ வருவதற்குக் காரணம் இல்லை என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இன்றைய பேச்சுத் தமிழ் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. ‘வாத்தியாருக்குப் பயந்து படிச்சான்’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ‘நாய்னா பயம்’ என்கிறோம். தெலுங்கிலும் ‘குக்கலண்டே பயம்’. ‘என்றால்’ என்பதும் ‘அண்டே’ என்பதும் ஒரே வேலை செய்கின்றன. இந்த ‘என்றால்’ ஆங்கிலத்துக்குள் நுழைய வழி இல்லை, அதனால் பிள்ளை திணறுகிறது. ‘அஃப்ரெய்ட் டு டாக்’ என்று வருவது ‘நாய்க்குப் பயம்’ என்பதன் ‘கு’தான். வட இந்தியப் பிள்ளைகள் ‘அஃப்ரெய்ட் ஃப்ரம்’ என்று எழுதுவார்கள், இந்தியில் ‘ஸே’ இருப்பதால். தவறுகளைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தன் தாய்மொழியின் உருபைச் சுமந்துகொண்டு வருவது தெரியும். வீட்டில் என்ன மொழி என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

கோபத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் வெகுளியை இரண்டாம் வேற்றுமையில் சேர்த்தார், ‘நாட்டை வெகுளும்’ என்பதுபோல. இன்று நாம் ‘மேல்’ என்ற சொல்லுருபு போடுகிறோம். கோபம் ஒருவர் மேல் போய் விழுகிறது என்பது நம் பார்வை. ஆங்கிலத்தில் ஆளானால் ‘வித்’ அல்லது ‘அட்’, விஷயமானால் ‘அபவுட்’. ‘ஆங்ரி வித் மீ அபவுட் இட்’ என்ற ஒரு வாக்கியத்தில் இரண்டும் அடங்கும். பொறாமைக்கும் நாம் ‘மேல்’ போடுகிறோம், அவர்கள் ‘ஆஃப்’ போடுகிறார்கள். பெருமைக்கு நமக்கு ‘நினைத்து’ வேண்டும், அவர்களுக்கு அதற்கும் ‘ஆஃப்’.

முன்னுருபே வேண்டாத பெயரடைகள் சில உண்டு. ‘லைக் ஹிம்’, ‘வொர்த் இட்’. ஆங்கில இலக்கணக்காரர்கள் இவற்றைப் பெயரடை என்பதா முன்னுருபு என்பதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணத்தில் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் இதற்கு விரிவாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் படித்தவருக்கு இது எளிதாகப் புரியும். ‘அவனைப் போல’ என்பதில் ‘ஐ’ நேராக வருகிறது. நன்னூல் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று அடுக்கும்போது ஒத்தலுக்கும் ஓர் இடம் கொடுத்தது இதற்காகத்தான். ‘அவனை’ வருமிடத்தில் ‘ஹிம்’ வருகிறது. பிள்ளைக்கு இதில் தவறே வராது. தவறு வராத இடத்தையும் எடுத்துக்காட்டினால் தன் மொழி தனக்குக் கை கொடுக்கிறது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வரும்.

அடுத்து ‘குட்’. எளிய சொல், ஆனால் பின்னால் வரும் முன்னுருபுக்கு ஏற்ப ஐந்து முகம் காட்டும். ‘குட் அட் மேத்ஸ்’ என்றால் கணக்கில் கெட்டிக்காரன். நம் ‘இல்’ ஏழாம் வேற்றுமை என்பதால் ‘குட் இன் மேத்ஸ்’ என்று நாடு முழுவதும் சொல்கிறார்கள், அது பெரிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை. ‘குட் ஃபார் யூ’ என்றால் உங்களுக்கு நல்லது. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருட்டு என்ற பொருள் இது. ‘ஷீ வாஸ் குட் டு மீ’ என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார். ‘குட் வித் சில்ட்ரன்’ என்றால் பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர், மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சி, நம் ‘ஓடு’. கடைசியாக ‘குட் ஆஃப் யூ’.

இந்தக் கடைசியில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறார். ‘நீங்க வந்தது உங்க நல்ல மனசு’ என்று சொல்ல வேண்டும். ‘இட் ஈஸ் குட் ஆஃப் யூ டு கம்’ என்பது சரி. நல்ல தன்மை உங்களுடையது, இங்கே வருவது ஆறாம் வேற்றுமையின் உடைமைப் பொருள். ‘ஆஃப்’ போட வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போட்டு ‘இட் ஈஸ் குட் ஃபார் யூ டு கம்’ என்றால் ‘நீங்க வந்தா உங்களுக்குத்தான் நல்லது’ என்றாகிவிடும். நன்றி சொல்லப்போய் அறிவுரை சொன்னதாக முடியும். ‘கைண்ட் ஆஃப் யூ’, ‘நைஸ் ஆஃப் ஹர்’, ‘ஃபூலிஷ் ஆஃப் மீ’ எல்லாவற்றுக்கும் இதே கதை. ஒருவரின் குணத்தைச் சொல்லும் பெயரடைக்கு ‘ஆஃப்’, ஒருவருக்கு ஏற்படும் பலனைச் சொல்லும் பெயரடைக்கு ‘ஃபார்’. ‘ஈஸி’, ‘டிஃபிகல்ட்’, ‘நெசஸரி’ இவற்றுக்கு ‘ஃபார்’தான் வரும், யாருடைய குணமும் அதில் பேசப்படவில்லை. உடைமையா பொருட்டா என்று ஒரு கேள்வி கேட்டால் விடை கிடைத்துவிடும். அந்த இரண்டு சொல்லும் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

காது பற்றியும் சொல்ல வேண்டும். ‘ப்ரவுட் ஆஃப் ஹர்’ என்பதை ஆங்கிலேயர் பேசும்போது அழுத்தம் முதல் சொல்லில் மட்டும் விழும். ‘ஆஃப்’ ஒரு முனகலாகிவிடும், ‘ஹர்’ என்பதன் ஹகரம் காணாமல் போய்விடும். நாமோ மூன்று சொல்லையும் சரிசமமாக நிறுத்திச் சொல்கிறோம். பாடத்தில் பார்த்த ‘ஆஃப்’ பேச்சில் காதில் விழுவதில்லை. காதில் விழாததை யார் பிடித்துவைக்க முடியும்? பட்டியலை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பேச்சில் நழுவுவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். மூவிடப்பெயரில் அழுத்தம் விழுந்தால் பொருளே மாறும். ‘ஆங்ரி வித் மீ’ என்று ‘மீ’யை அழுத்தினால் ‘என் மேலதான் கோபம், வேற யார் மேலயும் இல்ல’ என்று பொருள். நமக்கு அதற்குப் பிரிநிலை ஏகாரமும் ‘தான்’ என்ற சொல்லும் உண்டு, அவர்களுக்குக் குரல் மட்டும்தான்.

முன்னுருபு முழு ஒலியோடு கேட்கும் இடம் ஒன்று உண்டு, அது வாக்கியத்தின் கடைசி. ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’ இங்கே ‘ஆஃப்’ தெளிவாகக் காதில் விழும். நம் பிள்ளைகள் விட்டுவிடுவதோ அதைத்தான். ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?’ என்று நிறுத்திவிடுவார்கள். தமிழில் ‘எதுக்குப் பயப்படற?’ என்று கேட்கும்போது உருபு கேள்விச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு முன்னாலேயே வந்துவிடுகிறது, கடைசியில் எதுவும் மிச்சமில்லை. ஆங்கிலத்தில் கேள்விச் சொல் முன்னால் ஓடிவிட, முன்னுருபு தன் பெயரடையின் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

வாக்கியத்தை முன்னுருபில் முடிக்கக் கூடாது என்று நம் பழைய ஆசிரியர்கள் கண்டித்ததுண்டு. இந்தக் கண்டிப்பு 1672இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறை சொன்னதிலிருந்து பரவியது, லத்தீன் இலக்கணத்தின் நிழல். 1762இல் இலக்கணம் எழுதிய லவ்த் பாதிரியார் உயர்ந்த எழுத்து நடைக்கு முன்னுருபை முன்னால் வைப்பதே அழகு என்றாலும், பேச்சில் பின்னால் வருவது ஆங்கிலத்தின் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டவர். அந்தப் பழைய தடையை இன்னும் நம் வகுப்பறையில் பிடித்துவைத்திருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ‘ஆஃப் வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?’ என்று யாரும் பேசுவதில்லை.

இதைவிடக் கடினமானது பெயரெச்சத்தில் இருக்கிறது. ‘நான் கோபப்பட்ட பையன்’ என்று தமிழில் சொல்கிறோம். யார் மேல் கோபம்? பையன் மேல். ஆனால் ‘மேல்’ எங்கே? காணோம். தமிழில் பெயரெச்சம் வந்தவுடன் வேற்றுமை உருபு மறைந்துவிடும், கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். ‘நான் பயப்படுற வாத்தியார்’, ‘ஊரே பெருமைப்படுற பொண்ணு’. தெலுங்கிலும் இப்படியே. ஆங்கிலம் அந்த முன்னுருபை விடாது: ‘த பாய் ஐ வாஸ் ஆங்ரி வித்’. நம் பிள்ளைகள் ‘வித்’தை விட்டுவிடுவார்கள், அல்லது மனம் கேளாமல் ‘வித் ஹிம்’ என்று ஒரு மூவிடப்பெயரைச் சேர்த்துவிடுவார்கள். முதல் தவறு தமிழிலிருந்து வருவது. இரண்டாவது தவறு, முன்னுருபுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெயர் வர வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்த விதியிலிருந்து வருவது. ‘ஹீ ஈஸ் ஈஸி டு டாக் டு’ என்பதும் இந்த வகைதான். ‘அவர்கிட்ட பேசுறது சுலபம்’ என்று பொருள். கடைசி ‘டு’வுக்குப் பின்னால் வெற்றிடம், அதை நிரப்பத் தோன்றும், நிரப்பக் கூடாது. எட்டாம் வகுப்புக்குள் இதைக் கற்பிக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. பதினோராம் வகுப்பிலாவது பெயரெச்சத்தை எதிரில் வைத்துக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். பல பட்டதாரிகளின் கடிதங்களில்கூட இந்த ஓட்டை தெரிகிறது.

ஒப்பீட்டில் நம் மொழி மீண்டும் கை கொடுக்கிறது. ‘என்னைவிட உயரம்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது. ‘டாலர் தேன் மீ’ என்ற பேச்சு வழக்கு அதற்கு நேராக நிற்கிறது. ‘தேன் ஐ’தான் சரி என்பது லவ்த் போன்றவர்கள் வைத்த கணக்கு. விட்டுப்போன வினைச்சொல்லைச் சேர்த்துப் பார்த்து வடிவத்தைத் தீர்மானிக்கச் சொன்னார்கள். அன்றாட ஆங்கிலத்தில் ‘மீ’ எப்போதோ வென்றுவிட்டது. அலுவலகத்தில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ நான்கும் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்று வந்தவை, அவற்றுக்கு ‘தேன்’ ஆகாது, ‘டு’ வேண்டும். ‘என்னைவிட சீனியர்’ என்று தமிழில் சொல்லிப் பழகிய வாய் ‘சீனியர் தேன் மீ’ என்றே சொல்லும். இதற்கு வேற்றுமை விளக்கம் உதவாது, இந்த நான்கை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வியை இதுவரை புத்தகங்கள் எப்படி அணுகியிருக்கின்றன? சைப்ரஸில் கிரேக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஃபிட்டிகைடிஸ் 1936இல் வெளியிட்ட பொதுப் பிழைகள் புத்தகம், தவறான முன்னுருபில்தான் தொடங்குகிறது. சரியானது இது, தவறானது இது என்று பட்டியல். நம் ஊரில் மூன்று தலைமுறை படித்த ரென் அண்ட் மார்ட்டினும் எந்தச் சொல்லுக்கு எந்த முன்னுருபு என்று நீண்ட பட்டியல் தரும். ஜப்பானில் கற்பித்த ஹார்ன்பி வேறு வழியில் போனார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அவர் அகராதியும் 1954இல் வந்த வாக்கிய அமைப்பு நூலும், சொல்லின் பொருளோடு அது எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லின. 1986இல் வந்த பிபிஐ அகராதி சொற்சேர்க்கைகளை மட்டுமே தொகுத்தது. 1987இல் பர்மிங்காமில் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி அதிலிருந்து எழுதப்பட்டது. ஹார்ன்பியும் கோபில்டும் நமக்குப் பெரிய உதவி. ஆனால் அவை உலகத்துக்கே பொதுவாக எழுதப்பட்டவை, தமிழ் வீட்டிலிருந்து வரும் பிள்ளை எங்கே இடறும் என்பது அவற்றுக்குத் தெரிய நியாயமில்லை.

தென்னிந்தியாவிலேயே நடந்த பெரிய முயற்சி என்.எஸ்.பிரபுவுடையது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை உள்ளிட்ட வேறு சில இடங்களிலும் அவர் நடத்திய திட்டத்தில் இலக்கண விதி கற்பிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு யோசிக்க வேண்டிய வேலைகள் தரப்பட்டன, பொருளைப் பின்தொடர்ந்தால் இலக்கணம் தானே படியும் என்பது அடிப்படை. உலகம் முழுவதும் பேசப்பட்ட திட்டம் அது, இன்றும் மதிக்கத்தக்கது. ஆனாலும் பெயரடைக்குப் பின்னால் வரும் முன்னுருபு பொருளை மட்டும் தொடர்ந்தால் பிடிபடாது என்றே எனக்குப் படுகிறது. ‘ஆங்ரி ஆன் மீ’ என்றாலும் பொருள் விளங்கிவிடுகிறதே! விளங்கிவிடுவதால் திருத்திக்கொள்ளத் தேவை எழுவதில்லை. அழுத்தம் பெறாத, பொருளும் குறைவான ஒரு சின்னச் சொல்லை யாராவது நிறுத்திச் சுட்டிக்காட்டினால் ஒழியக் கவனம் அதில் விழாது.

ஆங்கிலமும் நிற்கவில்லை. ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ என்பதோடு பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் பரவலாக வழங்குகின்றன. ‘போர்ட் வித்’ என்று படித்தோம், இன்றைய இளைஞர்கள் ‘போர்ட் ஆஃப்’ என்கிறார்கள், ஆங்கிலேய இளைஞர்கள் உட்பட. ‘டயர்ட் ஆஃப்’ இருக்கும்போது ‘போர்ட் ஆஃப்’ ஏன் கூடாது என்று நாக்கு தானே முடிவு செய்துகொண்டது. இப்படிப்பட்டவற்றுக்குத் தேர்வில் மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. ‘ஆங்ரி ஆன்’ என்பதை எழுத்தில் திருத்தலாம், திருத்த வேண்டும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் நாளில் அது பிள்ளைக்கு உதவும். பேச்சில் அதற்காக வகுப்பறையில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைப்பதை என்னால் ஏற்க முடியாது. அன்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை பிறகு திறப்பதே இல்லை.

திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். ‘கு’ நான்காம் வேற்றுமை என்று தமிழ் வகுப்பில் கேட்கிறார்கள். தெலுங்கு வகுப்பிலோ ‘கி, கு, யொக்க, லோ’ என்று ஒன்றாகச் சேர்த்து ஆறாம் விபக்தி என்று பாடம் செய்கிறார்கள். ஒப்பிட்டுச் சொல்ல உதவும் ‘கண்டெ’ அவர்களுக்கு ஐந்தாம் விபக்தி, நமக்கு ‘விட’ இரண்டாம் வேற்றுமையை அடுத்து வரும் சொல்லுருபு. எண்களை வைத்துக் கற்பித்தால் குழப்பம் கூடும். எண்ணை விட்டுவிட்டு நீங்கல், உடைமை, பொருட்டு, உடனிகழ்ச்சி, ஒத்தல் என்ற பொருள்களை வைத்துக்கொண்டால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் போதும். கரும்பலகையில் மூன்று பத்தி போட்டு, தமிழ் வாக்கியம், தெலுங்கு வாக்கியம், ஆங்கில வாக்கியம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உருபுகளை மட்டும் வட்டமிடச் சொல்லலாம். ஆங்கிலப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியமும் ‘ஹிம்’, ‘ஹர்’, ‘மீ’, ‘தெம்’ இவற்றில் ஒன்றில் முடிய வேண்டும். முதல் வரியில் பயத்தை எழுதலாம், மூன்று மொழி இலக்கணமும் ஒத்துப்போகும் இடம் அது. கோபத்தை நான்காவது ஐந்தாவது வரிக்கு ஒத்திவைக்கலாம், அதற்குள் வட்டமிடும் பழக்கம் வந்திருக்கும். ‘மேல’வையும் ‘மீத’வையும் வட்டமிட்ட கை, எதிரில் ‘வித்’ இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நிற்கும். ஆசிரியர் பேச வேண்டிய நேரம் அதுதான்.